பென்சிலால் எழுதிய மனு

கடிதம் எழுதும் பாடம் மாணவர் பலருக்குச் சலிப்பைத் தருவது. அனுப்புநர், பெறுநர், நாள், விளி, பொருள், முடிப்பு என்று அதன் உறுப்புகளை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி விளக்கத் தொடங்கியதும் கடைசி வரிசையில் கொட்டாவி எழும். விடுப்புக் கேட்டுத் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம், எரியாத சாலை விளக்கைப் பற்றி நகராண்மைக் கழகத்திற்கு ஒரு முறையீடு. இவற்றை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணையும் பெற்றுக்கொண்டு, மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. தாம் எழுதிய விண்ணப்பத்திற்கு எங்கிருந்தோ விடை வரும் என்று எந்த மாணவரும் எதிர்பார்ப்பதில்லை. பாடம் நடத்தும் ஆசிரியரும் அப்படி நினைப்பதில்லை என்பதே உண்மை.

1962-ஆம் ஆண்டு சனவரி மாதம் 8-ஆம் நாள், அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் உள்ள உச்சநீதிமன்ற அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பம் வந்து சேர்ந்தது. ஐந்து தாள்கள், கோடிட்ட சிறைத் தாள்கள். தாளின் தலைப்பில் சிறையின் விதிகள் அச்சிடப்பட்டிருந்தன: வாரத்திற்கு இரண்டு கடிதங்களே எழுதலாம், தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே எழுத வேண்டும். விதிகளுக்குக் கீழே, பள்ளிச் சிறுவன் எழுதியதுபோல் கவனமாக உருட்டிய எழுத்துகள். பேனாவால் எழுதியதன்று, பென்சிலால் எழுதியது. எழுத்துப் பிழை உண்டு. இலக்கணப் பிழை உண்டு. இடையிடையே எங்கிருந்தோ கற்றுக்கொண்ட கடினமான சட்டச் சொற்களும் உண்டு. அனுப்பியவர் புளோரிடா மாநிலத்தின் ரெய்போர்டு சிறையில் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றிருந்த கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர். வயது 51. எட்டாம் வகுப்போடு பள்ளியைத் துறந்தவர்.

அவரைப் புனிதராகக் காட்டவேண்டிய தேவை இல்லை. கிடியன் 1910-இல் மிசௌரி மாநிலத்தின் ஹானிபல் என்ற ஊரில் பிறந்தார். எழுத்தாளர் மார்க் ட்வெயின் சிறுவனாக ஓடியாடி வளர்ந்த ஊரும் அதுவே. மார்க் ட்வெயின் கதைகளில் வீட்டை விட்டு ஓடும் சிறுவர்கள் இறுதியில் நன்றாகவே இருக்கிறார்கள். கிடியனுக்கு அவ்வாறு அமையவில்லை. மூன்று வயதில் தந்தையை இழந்தார். பதின்மூன்று பதினான்கு வயதில் வீட்டை விட்டு வெளியேறினார். சீர்திருத்தப் பள்ளி, செருப்புத் தொழிற்சாலை, திருட்டு, சிறை, விடுதலை, மீண்டும் சிறை என்று அவர் வாழ்க்கை கழிந்தது. இடையில் காசநோய் கண்டு நெடுநாள் படுத்த படுக்கையாய்க் கிடந்தார். திருமணம் செய்துகொண்டார், பிள்ளைகளைப் பெற்றார், அவர்களைக் காக்க வழியின்றித் தவித்தார். நரைத்த தலையும் ஒடுங்கிய கன்னமுமாய், சிறு சூதாட்டங்களை நடத்திப் பிழைத்துக்கொண்டு, புளோரிடாவின் பனாமா சிட்டி என்ற கடற்கரை நகரத்திற்கு அவர் வந்து சேர்ந்தபோது, அவரை நம்புவதற்கு உலகில் எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

1961-ஆம் ஆண்டு சூன் மாதம் 3-ஆம் நாள் விடியுமுன், அந்நகரத்தின் பில்லியர்ட்ஸ் விளையாட்டு விடுதி ஒன்றின் கதவை எவரோ உடைத்திருந்தனர். சிகரெட் விற்கும் இயந்திரமும் காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியும் உடைக்கப்பட்டிருந்தன. சில்லறைக் காசுகளும் சில மதுப் புட்டிகளும் காணாமற்போயின. ஏறத்தாழ ஐந்தரை மணிக்குக் கிடியன் அவ்விடுதியிலிருந்து கையில் மதுப் புட்டியோடும் புடைத்த சட்டைப்பைகளோடும் வெளியே வந்ததைத் தாம் கண்டதாக ஒருவர் சொன்னார். கிடியன் பிடிபட்டபோது அவரிடம் சில்லறைக் காசுகள் நிறைய இருந்தன. அவ்வளவுதான் வழக்கு.

ஆகஸ்டு மாதம் 4-ஆம் நாள் விசாரணை தொடங்கியது. நீதிபதி ராபர்ட் மெக்ரேரி, விசாரணைக்கு ஆயத்தமா என்று கேட்டார். கிடியன், ஆயத்தமில்லை, எனக்கு வழக்குரைஞர் இல்லை என்றார். வழக்குரைஞரை அமர்த்திக்கொள்ளப் பொருள் இல்லாததால், நீதிமன்றமே ஒருவரை அமர்த்தித் தரவேண்டும் என்று கேட்டார். நீதிபதி வருந்திக் கூறிய விடை இது: புளோரிடாவின் சட்டப்படி, மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமே நீதிமன்றம் வழக்குரைஞரை அமர்த்தித் தரலாம்; ஆகவே இவ்வேண்டுகோளை மறுக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கிடியன், எனக்கு வழக்குரைஞர் உண்டு என்று அமெரிக்க உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றார்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். கிடியன் சொன்னது தவறு. உச்சநீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தது ஏறத்தாழ அதற்கு நேர்மாறு.

1942-ஆம் ஆண்டில் பெட்ஸ் என்னும் பண்ணைத் தொழிலாளியின் வழக்கு அந்நீதிமன்றத்தின் முன் வந்தது. மேரிலாந்து மாநிலத்தில் கொள்ளைக் குற்றம் சாட்டப்பட்ட அவரும் கிடியனைப் போலவே வழக்குரைஞர் கேட்டு மறுக்கப்பட்டவர். நீதிபதிகளில் அறுவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து தீர்ப்பளித்தனர். மாநில நீதிமன்றத்தில் ஏழைக்கு வழக்குரைஞர் இல்லாமற்போனதாலேயே விசாரணை முறைகெட்டது என்று கொள்ள இயலாது. குற்றம் சாட்டப்பட்டவர் எழுத்தறிவற்றவராகவோ மனநலம் குன்றியவராகவோ இருந்தால், அல்லது வழக்கு மிகச் சிக்கலானதாக இருந்தால் மட்டுமே அவ்வாறு கொள்ளலாம் என்பது பெரும்பான்மையினர் முடிவு. மாறுபட்ட மூவருள் ஒருவர் ஹியூகோ பிளாக்.

இத்தீர்ப்பின் விளைவைத் தமிழாசிரியர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வழக்குரைஞர் கிடைக்கலாம். ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குக் கிடையாது. தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு இருப்பதாகச் சட்டம் கருதிக்கொண்டது. எட்டாம் வகுப்புவரை கற்ற கல்வி கிடியனுக்குத் துணையாக வரவில்லை. எதிர்ச்சாட்சியாக வந்து நின்றது.

விசாரணை நடந்தது. அமெரிக்காவில் இத்தகைய வழக்குகளில் பொதுமக்களிடையே இருந்து தேர்ந்தெடுக்கப்படும் ஜூரிகள் அமர்ந்து கேட்டு, குற்றவாளியா அல்லவா என்ற முடிவைக் கூறுவர். தண்டனையை நீதிபதி விதிப்பார். சிங்கப்பூரில் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் மலேசியாவில் 1995-ஆம் ஆண்டிலும் இம்முறை கைவிடப்பட்டுவிட்டதால், இன்றைய மாணவர்க்கு ஜூரி என்பது திரைப்படத்தில் மட்டுமே காணும் காட்சி. புளோரிடாவில் அன்று அறுவர் அமர்ந்தனர். அவர்களைப் பற்றிக் கிடியனுக்கு ஏதும் மறுப்பு உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை என்றார். யாரை மறுக்கலாம், எதற்காக மறுக்கலாம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் வாய்மூடி நின்றுவிடவில்லை. ஜூரிகளிடம் பேசினார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். தம் பக்கத்திற்கும் சிலரை அழைத்தார். ஆனால் அவர் கேட்ட கேள்விகள் நீதிமன்றத்தில் நின்று கேட்கும் கேள்விகளாக இல்லை. வீதியில் நின்று வாதாடுபவர் கேட்பன போல இருந்தன. குற்றம் செய்யவில்லை என்று சொல்லத் தெரிந்தது. தம்மைக் கண்டதாகச் சொன்னவரின் சொல்லில் எங்கே பிளவு இருக்கிறது என்று தேடத் தெரியவில்லை. சட்டம் கல்லாத ஒருவரிடம் எவ்வளவு எதிர்பார்க்க முடியுமோ அவ்வளவு நன்றாகவே அவர் தம் வழக்கை நடத்தினார் என்ற கருத்தைப் பின்னர் உச்சநீதிமன்றமே எழுதியது. அது பாராட்டும் ஆகும், இரங்கலும் ஆகும். ஜூரிகள் குற்றவாளி என்றனர். ஆகஸ்டு 25-ஆம் நாள் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அக்குற்றத்திற்கு விதிக்கக்கூடிய மிகுதியான தண்டனை அதுவே.

மெக்ரேரியைக் கொடியவர் என்று கூறிவிட முடியாது. அவர் சட்டத்தை மீறவில்லை, சட்டப்படியே நடந்தார். கிடியனுக்கு நேர்ந்த கேட்டைக் காண்பது கடினமாக இருந்ததற்கு அதுவே காரணம். கையூட்டு வாங்கிய நீதிபதி இல்லை. பொய் ஆவணம் புனைந்த அதிகாரி என்று காட்ட ஒருவரும் இல்லை. நல்ல மனிதர்கள் கூடி, ஒழுங்காக உட்கார்ந்து, முறைப்படி பேசி, முறைகேடான ஒரு விசாரணையை நடத்தி முடித்தார்கள்.

சிறைக்குள் போன கிடியன் நூலகத்தில் சட்ட நூல்களைப் புரட்டினார். முதலில் புளோரிடாவின் உச்சநீதிமன்றத்திற்கு மனு எழுதினார். அக்டோபர் 30-ஆம் நாள் அது தள்ளுபடியாயிற்று. பிறகு வாஷிங்டனுக்கு எழுதினார். முதல் முறை அனுப்பியபோது, தாம் கட்டணம் செலுத்த இயலாத ஏழை என்ற உறுதிமொழியை இணைக்கத் தவறிவிட்டார். அலுவலகத்தார் அம்மனுவைக் குப்பையில் போட்டிருக்கலாம், போடவில்லை. நீதிமன்ற விதிகளின் படியொன்றையும், உறுதிமொழி எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரியையும் சேர்த்து அவருக்கே திருப்பி அனுப்பினர். கிடியன் மாதிரியைப் பார்த்து எழுதி மீண்டும் அனுப்பினார். மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதுவதை எள்ளி நகையாடும் ஆசிரியர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மனுவில் அவர் என்ன எழுதினார் என்பதைவிட, என்ன எழுதவில்லை என்பது கூர்ந்து நோக்கத் தக்கது. நான் களவு செய்யவில்லை. ஆகவே விடுதலை செய்யுங்கள் என்பது அதன் மையம் அன்று. சாட்சி பொய்யர் என்று அவர் வாதாடவில்லை. நான் எழுத்தறிவற்றவன், நோயாளி, ஆகவே எனக்கு மட்டும் விலக்குத் தாருங்கள் என்றும் அவர் கேட்கவில்லை. பெட்ஸ் தீர்ப்பு திறந்து வைத்திருந்த அந்தச் சிறு வாயிலை அவர் தேடிப்போகவே இல்லை. வழக்குரைஞர் இல்லாமல் என்னை விசாரித்தார்கள். ஆகவே அது முறையான விசாரணை அன்று என்ற ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதினார். சட்டம் நன்கு கற்ற ஒருவர் எழுதியிருந்தால், நடைமுறையில் உள்ள தீர்ப்புக்கு ஏற்பச் சிறப்புக் காரணம் ஒன்றைத் தேடிப் பிடித்து எழுதியிருப்பார். அப்படி எழுதியிருந்தால், நீதிமன்றம் அந்த ஒரு காரணத்தை மட்டும் ஆராய்ந்து, கிடியனுக்கு மட்டும் ஒரு விடை சொல்லி அனுப்பியிருக்கும். சட்டத்தை அவர் தவறாக அறிந்திருந்ததே வழக்கைத் தூய்மையாக்கிவிட்டது.

மேல்முறையீடு என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். குற்றம் செய்தாரா இல்லையா என்ற கேள்வியை மேலே உள்ளவர்களிடம் மீண்டும் ஒருமுறை கேட்பதே மேல்முறையீடு என்பது பொதுவான எண்ணம். சில முறையீடுகள் அத்தகையன. வேறு சில, அந்தக் கேள்விக்கு விடை கண்ட முறை சரிதானா என்று கேட்பன. மாணவன் எழுதிய விடை சரியா என்று பார்ப்பது ஒன்று. அவனுக்குத் தேர்வே முறையாக நடத்தப்பட்டதா, வினாத்தாள் அவன் கைக்கு வந்ததா என்று பார்ப்பது மற்றொன்று. கிடியன் கேட்டது இரண்டாவது.

கோவலனுக்கு இந்த அளவு விசாரணைகூடக் கிடைக்கவில்லை என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். அவனை அவைக்கு அழைத்து ஒரு சொல் கேட்டவர் இல்லை. கொல்லன் சொல்லே சாட்சியாகவும் முடிவாகவும் அமைந்தது. கண்ணகி வந்து நின்று வழக்குரைத்தபோதுதான் அங்கே முதன்முதலாகச் சான்று கேட்கப்பட்டது, சிலம்பு உடைக்கப்பட்டது, முத்தா மாணிக்கமா என்று பார்க்கப்பட்டது. முறையீட்டில் தீர்ப்புத் திருந்தியது. ஆனால் திரும்பி வர ஆள் இல்லை. கிடியன் உயிரோடு இருந்தார். மரண தண்டனைக்குரியதல்லாத சிறு வழக்கில் சிக்கியதால்தான் அவருக்கு வழக்குரைஞர் மறுக்கப்பட்டது. மரண தண்டனைக்குரியதல்லாத வழக்காக இருந்ததால்தான் அவருக்குக் காலமும் கிடைத்தது.

1962-ஆம் ஆண்டு சூன் மாதம் 4-ஆம் நாள் உச்சநீதிமன்றம் மனுவை ஏற்றுக்கொண்டது. பெட்ஸ் தீர்ப்பை மறு ஆய்வு செய்ய வேண்டுமா என்பதைப் பற்றியும் இரு தரப்பும் பேச வேண்டும் என்று ஆணையிட்டது. தம் வழக்குக்காக மனு எழுதிய ஏழைக்கு இப்போது நீதிமன்றமே வழக்குரைஞரை அமர்த்தித் தந்தது. அமர்த்தப்பட்டவர், வாஷிங்டனின் முன்னணி வழக்குரைஞர்களுள் ஒருவரான ஏப் போர்ட்டஸ். அவர் பின்னாளில், 1965-இல், அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார். 1969-இல் பதவி விலகினார். கிடியனுக்காக அவர் ஊதியம் எதுவும் பெறவில்லை.

போர்ட்டஸ் கிடியனிடம் அவருடைய வாழ்க்கை வரலாற்றைக் கேட்டு எழுதினார். கிடியன் இருபத்திரண்டு பக்கங்களில் விடை எழுதினார். தம் களவுகளையும் சிறைகளையும் மறைக்காமல் எழுதினார். சட்டத்தைப் பற்றியோ நீதிமன்றங்களைப் பற்றியோ தமக்கு மயக்கம் ஏதும் இல்லை என்றும், ஆயினும் ஒவ்வொரு காலமும் சட்டத்தில் மக்கள் நன்மைக்கான ஒரு திருத்தத்தைக் காண்கிறது என்று தாம் நம்புவதாகவும் அதில் குறிப்பிட்டார். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சட்டத்தின் தவறான பக்கத்தில் கழித்தவர் எழுதிய வாக்கியம் அது.

எதிர்த்தரப்பில் புளோரிடாவுக்காக நின்றவர் புரூஸ் ஜேக்கப் என்னும் இளைஞர். முப்பது வயதுகூட நிரம்பாதவர். அவர் ஒரு காரியம் செய்தார். பெட்ஸ் தீர்ப்பு மாறினால் எல்லா மாநிலங்களுக்கும் இடையூறு வரும் என்று கருதி, புளோரிடாவுக்குத் துணைநிற்குமாறு மற்ற மாநிலங்களின் தலைமைச் சட்ட அதிகாரிகளுக்கு எழுதச் செய்தார். துணைக்கு வந்தவை அலபாமா, வட கரோலினா ஆகிய இரண்டே. மினசோட்டாவின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த வால்ட்டர் மாண்டேல் அக்கடிதத்தைக் கண்டு, துணைநிற்பதற்கு மாறாக எதிர்ப்பைத் திரட்டுவதில் முனைந்தார். இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் கிடியனின் பக்கம் நின்று எழுத்துரை அளித்தன. ஏழைக் கைதி ஒருவருக்காக, கைதிகளைச் சிறையில் அடைக்கும் அரசுகளே வாதாட முன்வந்தது அரிய நிகழ்ச்சி. அந்த மாண்டேல் 1977-இல் அமெரிக்கத் துணை அதிபரானார். ஜேக்கப் பிற்காலத்தில் சட்டப் பேராசிரியரானார்.

1963-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் வாய்மொழி வாதம் நடந்தது. கிடியன் அங்கே இல்லை, சிறையில் இருந்தார். போர்ட்டஸ் எடுத்துக்காட்டிய ஒன்று எவருக்கும் எளிதில் விளங்கும். கிளாரன்ஸ் டாரோ அமெரிக்கா கண்ட குற்றவியல் வழக்குரைஞர்களுள் மிகப் பெரியவர். அவர் மீதே ஒரு காலத்தில் குற்றம் சாட்டப்பட்டது. அப்போது அவர் முதலில் செய்தது என்ன? தமக்கு ஒரு வழக்குரைஞரை அமர்த்திக்கொண்டதுதான். கற்றுத் தேர்ந்த டாரோவுக்கே துணை தேவைப்பட்டதென்றால், எட்டாம் வகுப்புக் கிடியன் என் செய்வார்?

மார்ச்சு 18-ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனமாகக் கிடியன் பக்கம் நின்றனர். தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக். ஆம், 1942-இல் மாறுபட்டு எழுதிய அதே நீதிபதி. அன்று சிறுபான்மையாய் எழுதியது, 21 ஆண்டுகள் கழித்து அவர் கையாலேயே நாட்டின் சட்டமாயிற்று. குற்றத்தை மெய்ப்பிக்க அரசு பெரும்பொருள் செலவிட்டு வழக்குரைஞரை அமர்த்துகிறது. பொருள் உள்ளவர் தம்மைக் காத்துக்கொள்ள இயன்ற அளவு சிறந்த வழக்குரைஞரை அமர்த்துகின்றனர். ஆகவே குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்குரைஞர் என்பவர் இன்றியமையாத தேவை, ஆடம்பரம் அல்லர் என்பது அவர் வாதத்தின் சாரம். பெட்ஸ் தீர்ப்பு நீக்கப்பட்டது.

ஆனால் கிடியன் குற்றமற்றவர் என்று உச்சநீதிமன்றம் சொல்லவில்லை. அவர் சிறைக்கதவும் அன்றே திறக்கவில்லை. முதல் விசாரணை செல்லாது என்றதன் பொருள், மறுபடியும் விசாரணை என்பதே. அதே பனாமா சிட்டி, அதே நீதிமன்றம், அதே நீதிபதி மெக்ரேரி, அதே முதன்மைச் சாட்சி. கிடியன் அஞ்சினார். அங்கே தமக்கு நேர்மையான விசாரணை கிடைக்காது என்றார். அவருக்கு உதவ மயாமி நகரத்திலிருந்து வந்த வழக்குரைஞர்களையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். பிடிவாதம் இல்லாதவர் உச்சநீதிமன்றத்திற்குப் பென்சிலால் மனு எழுதவும் மாட்டார் அல்லவா? இறுதியில் உள்ளூர் வழக்குரைஞர் பிரட் டர்னர் என்பவரைக் கேட்டார். அவரையே மெக்ரேரி அமர்த்தினார்.

1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள். முதல் விசாரணை நடந்து ஈராண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன. டர்னர் நீதிமன்றத்தில் நாவன்மை காட்டியதைவிட, அதற்கு முன் செய்த வேலையே பெரிது. நிகழ்ச்சி நடந்த இடத்திற்குச் சென்று பார்த்தார். சாட்சிகளைத் தேடிச் சென்று பேசினார். ஜூரிகளாக வரக்கூடியவர்களைப் பற்றியும் அறிந்து வைத்திருந்தார். கிடியன் முன்பு எவரையும் மறுக்காமல் ஏற்றுக்கொண்ட இடத்தில், யாரை ஏற்கலாம், யாரை விலக்கலாம் என்று அறிந்த ஒருவர் இப்போது அமர்ந்திருந்தார்.

முதன்மைச் சாட்சி கூண்டில் ஏறினார். விடியுமுன் அந்த நேரத்தில் நீர் அங்கே ஏன் நின்றீர்? கண்டதைக் காவலருக்கு உடனே ஏன் சொல்லவில்லை? இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் எழுந்தன. முதல் விசாரணையில் கல்லெனத் தோன்றிய சாட்சியம் மணலாய் உதிரத் தொடங்கியது.

பிறகு வந்தவர், அன்று விடியற்காலையில் கிடியனை ஏற்றிச்சென்ற வாடகைக் கார் ஓட்டுநர். தம்மை ஏற்றிச்சென்றதை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று கிடியன் தம்மிடம் கேட்டுக்கொண்டதாக அவர் சொன்னார். கேட்டவர்களுக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்டது போலவே ஒலித்திருக்கும். டர்னர் எழுந்து, இதற்கு முன்பும் அவர் அப்படிச் சொன்னதுண்டா என்று கேட்டார். உண்டு, ஏறும்போதெல்லாம் அப்படித்தான் சொல்வார் என்று விடை வந்தது. ஏன்? மனைவியோடு அவருக்கு ஏதோ மனத்தாங்கல் என்று தாம் விளங்கிக்கொண்டதாக ஓட்டுநர் கூறினார். முடிந்தது! கள்வனின் எச்சரிக்கை என்று தோன்றியது, மனைவிக்கு அஞ்சிய கணவனின் எச்சரிக்கையாக மாறிவிட்டது. இரண்டே கேள்விகள். கல்வி என்பது பெரும்பாலும் விடைகளைச் சேர்த்து வைப்பது என்று கருதப்படும் பள்ளிகளில், இவ்விரு கேள்விகளையும் எழுதிவைத்து மாணவர்க்குக் காட்டலாம்.

கிடியனும் இம்முறை சாட்சி சொன்னார். சில்லறைக் காசுகள் சூதாட்டத்தில் கிடைத்தவை என்றார். ஜூரிகள் உள்ளே சென்று ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகக் கலந்து பேசினர். குற்றவாளி அல்லர் என்று வந்து சொன்னார்கள். சான்றுகளில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. மாறியது, கேள்வி கேட்டவர் மட்டுமே. அதற்கிடையில் கிடியன் சிறையில் கழித்த இரண்டு ஆண்டுகளைத் திருப்பித்தர எந்த நீதிமன்றத்திற்கும் அதிகாரம் இல்லை.

அவர் தமக்காக எழுதிய மனு பிறருக்கும் கதவைத் திறந்தது. 1963-ஆம் ஆண்டிலேயே புளோரிடா சட்டமன்றம், ஏழைகளுக்காக வாதாடும் அரசு வழக்குரைஞர் முறையை ஏற்படுத்தியது. வழக்குரைஞர் இன்றித் தண்டிக்கப்பட்ட சுமார் 2,000 பேர் அம்மாநிலத்தில் மட்டும் விடுதலை பெற்றனர். அவர்களுள் குற்றம் செய்தவரும் இருந்திருப்பர். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. செய்தவரையும் செய்யாதவரையும் பிரித்துக் காட்ட வல்ல விசாரணை நடவாதபோது, இருவரும் ஒரே கூட்டத்தில் உள்ளே போய், ஒரே கூட்டத்தில் வெளியே வருகின்றனர்.

வழக்குரைஞர் கிடைப்பது வேறு. வல்ல வழக்குரைஞர் கிடைப்பது வேறு. ஒருவர் மேசையில் நூற்றுக்கணக்கான வழக்குகள் குவிந்திருந்தால், டர்னரைப் போல அவர் எத்தனை இடங்களுக்கு நேரில் சென்று பார்க்க முடியும்? அமர்த்தப்பட்டவர் கடமையில் எந்த அளவு தவறினால் விசாரணை முறைகெட்டதாகும் என்று 1984-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மற்றொரு புளோரிடா வழக்கில் ஓர் அளவுகோலை வகுத்தது. அந்த அளவுகோலைத் தொடுவது கைதிகளுக்கு எளிதாக இல்லை. கிடியன் கேட்ட கேள்வி முடிந்தது. அதன் பிள்ளைகள் பலவாகப் பெருகி நீதிமன்றங்களில் நடமாடுகின்றன.

கிடியன் மீண்டும் பெரிய செய்தி எதிலும் இடம்பெறவில்லை. 1964-இல் அந்தணி லூயிஸ் என்னும் செய்தியாளர் அவர் வழக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1980-இல் அது படமாகவும் வந்தது. படம் வந்தபோது கிடியன் இல்லை. 1972-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள், புளோரிடாவில், தமது 61-ஆம் வயதில் இறந்தார். ஹானிபலில் அடக்கம் செய்தனர். பல ஆண்டுகள் அவர் கல்லறையில் பெயர்கூட இல்லை. 1984-இல் ஒரு கல் நடப்பட்டது. போர்ட்டஸுக்கு அவர் எழுதிய இருபத்திரண்டு பக்கக் கடிதத்திலிருந்து ஒரு வாக்கியத்தைச் சற்றே சுருக்கி அதில் பொறித்தனர்.

சிறையிலிருந்து வந்த அந்த ஐந்து தாள்களும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. தலைப்பில் சிறையின் விதிகள் அச்சில் இருக்கின்றன. அவற்றின் கீழே, கோடு தவறாமல், பென்சில் எழுத்துகள்.